வாசகர் கேட்டவை: கறுப்பினப் பெண்களின் நாடகமும் நம்மூர் மேடையும்

கறுப்பினப் பெண் நாடகாசிரியர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, குமரி மாவட்டத்திலிருந்து பலர் எழுதியிருந்தார்கள். மேடையேற்ற வேலையில் இறங்கிவிட்டவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டோம்.

கல்லூரி விழாவுக்கு லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் த சன்' நாடகத்தைத் தமிழில் போடுகிறோம். முகத்துக்குக் கறுப்பு பூசி, சுருள்முடி விக் வைக்கலாமா? எங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு மணி நேரம்தான். எதை வெட்டுவது?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

கறுப்பு பூசவே கூடாது. 1830களிலிருந்து அமெரிக்காவில் வெள்ளை நடிகர்கள் கருக்கிய தக்கையை முகத்தில் தேய்த்துக்கொண்டு, கறுப்பின மக்களைக் கோமாளிகளாக்கி ஆடிப்பாடிக் காசு பார்த்தார்கள். மின்ஸ்ட்ரல் ஆட்டம் என்று அதற்குப் பெயர். கதகளியில் பச்சை பூசுவது பாத்திரத்தின் வகையைச் சொல்ல. இந்தக் கறுப்புப் பூச்சோ ஓர் இனத்தையே கேலி செய்யப் பிறந்தது. விக்கும் வேண்டாம். இந்த நாடகத்தில் முடி ஒரு வேடப்பொருள் இல்லை. நாயகன் வால்டரின் தங்கை பெனியதா, நீட்டி நேராக்கிய முடியை வெட்டிவிட்டு இயற்கையான முடியோடு வந்து நிற்கும் இடம் கதையில் முக்கியமானது. நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேயில் 1959இல் மேடையேற்றியபோது அதை வெட்டிவிட்டார்கள். பின்னர் வந்த பதிப்புகளில்தான் அது திரும்பச் சேர்ந்தது. வாடகை விக்கில் அந்த இடம் சிரிப்பாய்ச் சிரித்துப்போகும்.

அப்படியென்றால் யார் எவர் என்று பார்வையாளருக்கு எப்படித் தெரியும்? இரண்டு வழி இருக்கிறது. கதையை சிகாகோவிலேயே வைத்து, பெயர்களை மாற்றாமல், உங்கள் முகத்தோடும் உங்கள் தமிழோடும் நடிப்பது ஒன்று. முதல் நிமிடத்தில் ஒருவர் முன்னால் வந்து ஊரையும் காலத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டால் போதும். இறந்த தகப்பனின் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர், வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்கத் தாய் கட்டும் முன்பணம் 3,500 என்ற எண்களை அப்படியே விடுங்கள், ரூபாயாக்க வேண்டாம். மற்றது, கதையை நம் மாவட்டத்துக்கே கொண்டுவருவது: எல்.ஐ.சி. பணம், வேறு சாதியார் தெருவில் ஒரு வீடு. இரண்டில் எதையாவது ஒன்றை எடுங்கள். மேசையில் சிகாகோ, வாயில் சுசீந்திரம் என்று கலந்தால் இரண்டும் நிற்காது.

வெட்டுவதற்கு வருவோம். மூன்று அங்கம், ஆறு காட்சி. முதல் அங்கத்தின் காலைக் காட்சியைப் பாதியாக்குங்கள். காசோலை வரும் காட்சியைத் தொடாதீர்கள். பணக்கார மாணவன் ஜார்ஜ் மர்ச்சிசன் முழுவதுமாகப் போகலாம். நைஜீரிய மாணவன் அசகாயை எடுத்துவிடத் தோன்றும், எடுத்தால் பெனியதாவுக்குப் பேச ஆள் இல்லாமல் போகும். ஒரு காட்சியாவது அவனுக்கு விடுங்கள். இரண்டாம் அங்கத்தின் கடைசிக் காட்சிதான் நாடகத்தின் முதுகெலும்பு: வீட்டைத் திரும்ப விற்கச் சொல்லி வெள்ளையர் குடியிருப்புச் சங்கத்தின் ஆள் லிண்ட்னர் வருவதும், வால்டரின் கூட்டாளி பணத்தோடு ஓடிவிட்டான் என்று பாபோ வந்து சொல்வதும் அதில்தான். அதற்கு மட்டும் 20 நிமிடம் ஒதுக்குங்கள்.

லிண்ட்னராக நடிப்பவர் வில்லனாக உறுமினால் நாடகம் படுத்துவிடும். தொப்பியும் கைப்பெட்டியுமாக வந்து, தணிந்த குரலில், மரியாதை குறையாமல் பேசுகிற ஆள் அவன். குமரித் தமிழில் அவன் வாயில் "தப்பா எடுத்துக்கிடாதிய, ஒங்க ஆளுவளுக்கு ஒங்க பக்கந்தானே சொகம்" என்று வந்தால் போதும். அந்த "ஒங்க ஆளுவ" என்ற சொல்லில் அழுத்தம் கொடுக்காமல் தாண்டிப் போகச் சொல்லுங்கள். பார்வையாளர் தாமே பிடித்துக்கொள்வார்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா? நாங்கள் சிறு குழு, டிக்கெட் கிடையாது.
— நாடகக் குழுச் செயலாளர், தக்கலை

இந்தியச் சட்டத்தில், ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. ஹான்ஸ்பெரி 1965 ஜனவரியில், 34 வயதில் மறைந்தார். அவர் காலத்தில் அச்சான பனுவலுக்கு இங்கே உரிமைக்காலம் 2025 இறுதி வரைதான். அவர் இறந்தபின் முதன்முதலாக அச்சான பகுதிகளுக்கு அந்தப் பதிப்பு வந்த ஆண்டிலிருந்துதான் கணக்கு. ஆகவே கையிலிருக்கும் புத்தகம் எந்த ஆண்டுப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். மற்றக் கறுப்பின நாடகாசிரியர்களில் ஆலிஸ் சில்ட்ரெஸ் மறைந்தது 1994, என்டோசாகே ஷாங்கே 2018. இவர்கள் எழுத்துக்கு உரிமை இன்னும் பல ஆண்டு இருக்கிறது.

சட்டத்தின் 52ஆம் பிரிவு சில விலக்கு தருகிறது. கல்வி நிறுவனத்தில் ஆசிரியரும் மாணவரும் நடித்து, அவர்களும் பெற்றோரும் நிறுவனத்தோடு தொடர்புடையவர்களும் மட்டும் பார்த்தால் மீறலாகாது. தொழில்முறை அல்லாத குழு, கட்டணம் வாங்காமல் நடத்தினாலும் அப்படியே. பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்: நிகழ்ச்சியைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுவார்கள், தமிழாக்கத்தைப் புத்தகமாகப் போடுவார்கள். விலக்கு அதற்கெல்லாம் நீளாது.

டிக்கெட் போடுவதானால் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னதாக எழுதுங்கள். எத்தனை காட்சி, எத்தனை இருக்கை, கட்டணம் எவ்வளவு, மொழிபெயர்ப்பவர் யார், எவ்வளவு வெட்டப்போகிறீர்கள் ஆகிய ஐந்தும் முதல் கடிதத்திலேயே இருந்தால் பதில் சீக்கிரம் வரும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி தனி. இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் அது கிடைக்காது என்பதால் 7 மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

எங்கள் சுயஉதவிக் குழுவில் பாதிப்பேர் அண்டி ஆபீசில் (முந்திரிக்கொட்டை ஆலையில்) வேலை செய்கிறவர்கள். ஜமைக்காவில் உழைக்கும் பெண்களே நாடகம் போட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் எழுதப் படிக்கத் தெரிந்தது கொஞ்சம்தான். எங்களால் முடியுமா?
— மார்த்தாண்டம் அருகிலிருந்து ஒரு வாசகி

முடியும். எழுத்து கடைசியில் வந்தால் போதும். நீங்கள் கேட்பது சிஸ்ட்ரன் நாடகக் கூட்டுக்குழு. 1977இல் ஜமைக்கா அரசின் வேலைத் திட்டத்தில் இருந்த உழைக்கும் பெண்கள் சேர்ந்து தொடங்கியது. நாடகப் பள்ளியைச் சேர்ந்த ஹானர் ஃபோர்ட்-ஸ்மித் அவர்களோடு இருந்து இயக்கினார். முதல் நாடகமே ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் சங்கம் வைப்பதைப் பற்றியது. அடுத்த ஆண்டு, சிறுவயதிலேயே தாயாகும் பெண்களைப் பற்றி ஒன்று. கதையை யாரும் எழுதிக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. சிறுவயதில் விளையாடிய வட்ட விளையாட்டுகளையும் பாட்டுகளையும் முதலில் ஆடிப் பார்த்தார்கள். அது கிளறிவிட்ட பேச்சிலிருந்து காட்சி பிறந்தது. பேசியது வீட்டில் பேசும் ஜமைக்கப் பேச்சு, பள்ளிக்கூட ஆங்கிலம் இல்லை.

உங்களுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். வாரம் இரண்டு நாள், வேலை முடிந்து ஒன்றரை மணி நேரம், எட்டு வாரம். முதல் இரண்டு வாரம் பேச்சே கூடாது, வேலையின் அசைவு மட்டும்: உடைப்பில் இருப்பவர் கொட்டையைப் பிடிக்கும் கை, தட்டும் கை; பீலிங்கில் விரல் நுனி; கிரேடிங்கில் கண்ணும் விரலும். ஒருவர் செய்ய மற்றவர்கள் அதையே செய்ய வேண்டும். பத்து நிமிடத்தில் அதற்கு ஒரு தாளம் தானே வந்துவிடும். உண்மையான கொட்டையை மேடைக்குக் கொண்டுவராதீர்கள். தோட்டு எண்ணெய் பட்டால் கை பொள்ளும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு சிரட்டையைத் தட்டினால் அந்தச் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்கும்.

மூன்றாம் வாரம் முதல் பேச்சு. ஒருவர் பேச, இன்னொருவர் போனில் பதிவு செய்யட்டும். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். "உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் மனு வாசிப்பதுபோலத்தான் பதில் வரும். "நேத்து காலத்த எழும்பினதுலேர்ந்து ஆபீஸ் கேட்டுக்குள்ள போனது வரைக்கும் சொல்லுங்க" என்று கேளுங்கள். இருபது நிமிடப் பதிவில் மேடைக்கு ஆவது இரண்டு நிமிடம் இருந்தால் நல்ல அறுவடை.

பதிவைப் பயன்படுத்துவதற்கு அன்னா டெவர் ஸ்மித் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரின் முறை உதவும். 1991இல் நியூயார்க்கின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தைப் பற்றி அங்குள்ளவர்களைப் பேட்டி கண்டு, அத்தனை பேராகவும் தாம் ஒருவரே மேடையில் நடித்தார். பேசியவரின் தயக்கம், திக்கல், "ம்", பாதியில் விட்ட சொல் எதையும் திருத்துவதில்லை. "எண்ணெ பட்டா... அது வந்து... தொலி உரியும், பின்ன சரியாவும்" என்று ஒருவர் சொன்னார் என்று வையுங்கள். அதை "எண்ணெய் பட்டால் தோல் உரியும்" என்று சுத்தமாக்கினால், நடுவில் இருந்த "அது வந்து" போய்விடும். சொல்ல வந்து விழுங்கியது எதுவோ அது அங்கேதான் இருந்தது. பதிவைக் காதில் கேட்டுக்கொண்டே, அரைநொடி பின்னால் சேர்ந்து சொல்லிப் பழகுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு இதுவே எளிது.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஒன்று, பேச்சை மிகைப்படுத்திச் சிரிப்பு வாங்குவது. சொன்னவர் முன்வரிசையில் இருந்தால் அவர் முகம் சுருங்கிவிடும். இரண்டு, சிறிய ஊர். பெயரை மாற்றினாலும் "மூணு பெண்மக்க, வீட்டுக்காரர் கேரளத்துல கொத்துவேலை" என்றால் யார் என்று தெரிந்துபோகும். பிள்ளைகளின் எண்ணிக்கை, ஊர், கணவர் வேலை ஆகிய மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள். ஒருவர் கதையை இன்னொருவர் நடிக்கட்டும். மூன்று, சொன்னவர் பின்னால் மனம் மாறுவது. அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பு அவர்களுக்கு மட்டும் நடித்துக் காட்டி, வேண்டாம் என்றதைக் கேள்வி கேட்காமல் எடுத்துவிடுங்கள். ஆலைப் பெயரோ மேலாளர் பெயரோ எங்கும் வரக்கூடாது, வேலை உங்களுக்கு நாளையும் வேண்டும்.

தோள்சீலைப் போராட்டத்தையும் கறுப்பினப் பெண்களின் போராட்டத்தையும் ஒரே நாடகத்தில் மாற்றி மாற்றிக் காட்டலாமா?
— ஆய்வு மாணவி, இரணியல்

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அடிமை வாணிபத்துக்கும் திருவிதாங்கூர்ச் சாதிக் கட்டுக்கும் காரணம் வேறு, சட்டம் வேறு. மாற்றி மாற்றிக் காட்டினால் இரண்டும் விளக்கப்படமாகச் சுருங்கும். அவர்கள் கையாண்ட முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு உதவக்கூடியவர் சூசன்-லோரி பார்க்ஸ். 2002இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண். அவரது 'வீனஸ்' நாடகம் சார்ட்ஜி பார்ட்மனைப் பற்றியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, 1810 முதல் லண்டனிலும் பின்பு பாரிசிலும் காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்டு, 1815இல் இறந்துபோன பெண். அவர் உடலின் எச்சங்கள் 2002இல்தான் நாடு திரும்பின. அவரைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அவர் சொன்னதாக எஞ்சியது மிகக் கொஞ்சம். பார்க்ஸ் இதற்கு ஓர் உத்தி வைத்திருக்கிறார். பனுவலில் பாத்திரத்தின் பெயர் மட்டும் இருக்கும், எதிரே வசனம் இராது. இரண்டு மூன்று பெயர்கள் அப்படி வரிசையாக வரும். நடிகர்கள் அந்த இடத்தைப் பேசாமல் நிரப்ப வேண்டும்.

தோள்சீலையிலும் இதே நிலைதான். மேலாடைக்கு அனுமதி தந்த 1859 ஜூலை 26 அரசாணை வரைக்கும் மிஷனரிகளின் கடிதமும் அதிகாரிகளின் குறிப்பும் கிடைக்கும், அந்தப் பெண்களின் சொந்த வாய்ச்சொல் கிடைப்பது அரிது. நீங்களே வீரவசனம் எழுதி அவர்கள் வாயில் திணிக்காதீர்கள். ஆவணத்தை ஒருவர் வாசிக்கட்டும். பிறகு பெண்ணின் பெயர் மட்டும்; அவள் நிற்கிறாள். நாலைந்து நொடி என்று நினைத்திருப்பீர்கள், மேடையில் பத்து நொடி தாங்கும். ஒத்திகையில் மனதுக்குள் எண்ணிப் பழகாவிட்டால் எல்லோரும் மூன்றாம் நொடியில் அடுத்த வசனத்துக்குப் பாய்ந்துவிடுவார்கள்.

நடிகையின் மேலிருந்து துணியை இழுக்கும் காட்சியை எந்த வடிவத்திலும் வைக்காதீர்கள். எந்த அவமானத்தைக் கண்டிக்கிறீர்களோ அதையே மறுபடி நடத்திக்காட்டுவதாகிவிடும். மடித்த சீலை ஒன்றை மேடை நடுவில் வைத்து, அதைச் சுற்றியே நடமாட்டம் இருக்கட்டும்.

வில்லுப்பாட்டு பயில்கிறேன். ஷாங்கேயின் ஏழு பெண்கள் வரும் கவிதை நாடகத்தை வில்லோடு சேர்க்க முடியுமா?
— அகஸ்தீசுவரம் வாசகி

1974இல் கலிபோர்னியாவின் பெர்க்லி அருகே ஒரு மதுக்கூடத்தில் தொடங்கி 1976இல் பிராட்வேக்குப் போன படைப்பு அது. அங்கே 742 காட்சிகள் நடந்தது. பாத்திரங்களுக்குப் பெயர் கிடையாது, ஆடையின் நிறம்தான் அடையாளம்: பழுப்பு, மஞ்சள், ஊதா, சிவப்பு, பச்சை, நீலம், ஆரஞ்சு. கவிதை, ஆட்டம், இசை மூன்றும் ஒரே உடம்பில் நடக்கும். அவருடைய கவிதைகளை அனுமதியில்லாமல் மொழிபெயர்க்காமல், வடிவத்தை மட்டும் எடுத்து உங்கள் ஏழு பேச்சை எழுதுங்கள். ஆளுக்கு மூன்று முதல் நான்கு நிமிடம், இடையில் கூட்டாக வருவது எட்டு நிமிடம், ஆக 36 நிமிடத்துக்குள் முடியும்.

வில் நன்றாகவே சேரும். ஒருவர் சொல்ல மற்றவர்கள் "ஆமா" போடும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. கறுப்பினத் தேவாலயங்களிலும் அவர்கள் மேடையிலும் அழைப்பும் மறுமொழியுமாய் வருவது இதே உறவுதான். கொட்டாரத்தில் வாழ்ந்து 2018இல் மறைந்த பூங்கனி போன்றவர்கள் வில்லின் நடுவே அமர்ந்து கதை நடத்திய மாவட்டம் இது. பெண் குரல் வில்லுக்குப் புதிதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். வீசுகோல் பட்டதும் வில்லின் மணிகள் கொஞ்ச நேரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்த ஒலியில் மெல்லினமும் சொல்லின் கடைசி எழுத்தும் கரைந்துபோகும். பாட்டில் இது தெரியாது, பேச்சில் தெரியும். ஆகவே தனிப்பேச்சு நடக்கும்போது வீசுகோலைக் கீழே வைத்துவிடுங்கள். குடம் மட்டும், அதுவும் வரிக்கு ஒரு அடி. துயரமான இடத்தில் உடுக்கையைத் தடவினால் போதும். அடுத்தது, வில்லின் நடை ஓடுகிற நடை. எல்லாவற்றையும் அதில் ஏற்றினால் ஏழு பெண்களும் ஒரே பெண்ணாகக் கேட்பார்கள். இரண்டு பேச்சாவது தாளமே இல்லாமல் இருக்கட்டும்.

மூச்சுக்கு ஷாங்கே செய்ததைச் செய்யுங்கள். வரியின் நடுவே சாய்கோடு போடுவார். அங்கே அரைமூச்சு, வரி முடிவில் நிறுத்தம் கட்டாயமில்லை. நம் பிள்ளைகள் வரி முடிந்ததும் மனப்பாடப் பாட்டுப்போல் குரலை இறக்கி நிறுத்துவார்கள். கோட்டைப் பென்சிலால் நீங்களே போட்டு, வரி முடிவைத் தாண்டிப் படிக்கச் சொல்லுங்கள். கூட்டாகச் சொல்லும் இடங்களில் ஏழு பேரும் முழு வாக்கியத்தையும் சேர்ந்து சொன்னால் பள்ளி உறுதிமொழி ஆகிவிடும். ஒருவர் தொடங்க, மூன்று பேர் நடுவில் சேர, கடைசிச் சொல்லை மட்டும் எழுவரும் சொல்லட்டும்.

வில்லை நடுவில் வைக்காமல் மேடையின் வலப்பக்கம் சாய்வாக வைத்தால்தான் ஆட இடம் இருக்கும். 20 அடிக்கு 16 அடி மேடை என்றால் ஆட்டத்துக்கு 12 அடி அகலம் மிஞ்சும், ஏழு பேருக்கு அது போதும். ஒரே நிற நூல்சேலை, கணுக்காலுக்கு மேல் மூன்று விரல் ஏற்றிக் கட்டி, முந்தானையை இடுப்பில் செருகி இரண்டு ஊக்கு.

தேவாலயப் பாடகர் குழு நாங்கள். நாடகத்தின் நடுவே ஒரு கறுப்பினப் பக்திப் பாடல் பாடுகிறோம். கைதட்டு எப்படிப் போட்டாலும் நம் ஊர்ப் பாட்டுபோலவே கேட்கிறதே?
— குளச்சல்

தட்டு விழும் இடம் மாறியிருக்கும். நாம் நாலு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் தட்டிப் பழகியவர்கள். அவர்கள் இரண்டிலும் நாலிலும் தட்டுவார்கள். ஒன்றிலும் மூன்றிலும் காலைத் தரையில் வையுங்கள், இரண்டிலும் நாலிலும் கை. நிமிடத்துக்கு 70 அடி வேகத்தில், சொல் இல்லாமல் முனகலோடு, பத்து நிமிடம். பிறகுதான் சொல். வேகம் கூடும்போது தட்டு மறுபடி ஒன்றுக்கு வழுக்கும். அதைத் தடுக்க ஒருவரைக் குடத்திலோ பறையிலோ உட்காரவைத்து ஒன்றையும் மூன்றையும் அவரிடம் விட்டுவிடுங்கள். ஆர்மோனியம் வேண்டாம், அது குரலை நேர்கோட்டில் பிடித்து வைத்துவிடும்.

மேக்கப்காரர் எங்களை எல்லாம் வெள்ளையாக்கிவிடுகிறார். லைட் போட்டால் முகம் சாம்பல் பூத்ததுபோல இருக்கிறது.
— பள்ளி நாடக ஆசிரியை, திங்கள்சந்தை

இரண்டு தவறு சேர்ந்து வருகிறது. முதலாவது பூச்சு. தோலைவிட இரண்டு படி வெளுத்த பேன்கேக் போட்டால் அடியில் இருக்கும் பழுப்பு மேலே சாம்பலாகத் தெரியும். முகத்தில் நிறம் பார்க்காமல் தாடைக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு மறைந்தால் அதுதான் உங்கள் நிறம். ஒரே டப்பாவை எல்லோருக்கும் பூசுவதை நிறுத்தச் சொல்லுங்கள், மூன்று நிறமாவது வேண்டும்.

இரண்டாவது விளக்கு. முன்னாலிருந்து நேராக அடிக்கும் வெள்ளை எல்.இ.டி. முகத்தைத் தட்டையாக்கும். கறுந்தோல் நடிகர்களுக்கு ஒளியமைப்பவர்கள் பக்க ஒளியை நம்புவார்கள். மேடையின் இரு பக்கமும் ஆறு ஏழு அடி உயரத்தில் இரண்டிரண்டு பார் (PAR) விளக்கு, ஒரு பக்கம் மஞ்சள் கலந்த ஆம்பர், மறுபக்கம் இளம் ஊதா. முன் விளக்கைப் பாதி வெளிச்சத்துக்கு இறக்குங்கள். பின்னாலிருந்து தோளுக்கு ஒரு விளக்கு இருந்தால் கறுப்புத் திரையில் கருங்கூந்தல் கரையாது. திரையையே மாற்ற முடிந்தால் சாம்பல் நிறமோ காவியோ நல்லது. கன்னத்தில் கொஞ்சம் எண்ணெய் மினுமினுப்பு இருந்தால் பக்க ஒளி அதைப் பிடிக்கும். பவுடர் போட்டு அதை அடைக்காதீர்கள்.

மேடையில் முதலில் வந்த கறுப்பினப் பெண் நாடகாசிரியர் ஹான்ஸ்பெரிதானா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குலசேகரம்

பிராட்வேயில் அவர்தான், 1959 மார்ச் 11. அப்போது அவருக்கு 28 வயது. 530 காட்சி ஓடி, நியூயார்க் விமர்சகர் வட்டத்தின் பரிசும் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே ஏஞ்சலினா வெல்ட் கிரிம்கேயின் 'ரேச்சல்' 1916இல் மேடையேறிவிட்டது. ஹான்ஸ்பெரிக்குச் சற்று முன்னதாகவே பிராட்வேக்குப் போயிருக்க வேண்டியவர் ஆலிஸ் சில்ட்ரெஸ். 1955இல் பிராட்வேக்கு வெளியே சிறிய அரங்கில் நடந்த அவரது 'ட்ரபிள் இன் மைண்ட்' நாடகத்தை 1957இல் பெரிய மேடைக்குக் கொண்டுபோகப் பேசினார்கள். தயாரிப்பாளர்கள் பனுவலை மாற்றச் சொன்னார்கள். அவர் கடைசிவரை இசையாததால் அது நின்றது. நாடகம் பிராட்வே ஏறியது 2021இல், அவர் மறைந்து 27 ஆண்டு கழித்து.

கதையே அதுதான் என்பது வேடிக்கை. விலெட்டா மேயர் என்ற கறுப்பின நடிகை ஒத்திகையில் இருக்கிறார். தாய் ஒருத்தி தன் மகனை வெறிகொண்ட கும்பலிடம் ஒப்படைக்கும்படி எழுதியிருக்கிறது. எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று கேட்கிறார். இயக்குநருக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. ஒத்திகை அறையில் நடக்கும் நாடகம் என்பதால் நாலு நாற்காலியும் ஒரு மேசையும் போதும். நாடகக் குழுக்கள் முதலில் கூடி வாசிக்க இதைத்தான் சொல்வோம்.

நான் தையல்காரி. தையல்காரி கதை ஏதாவது இருக்கிறதா?
— கருங்கல் வாசகி

லின் நோட்டேஜின் 'இன்டிமேட் அப்பேரல்'. நாடகத்துக்கான புலிட்சரை இரண்டு முறை பெற்ற முதல் பெண் அவர், 2009, 2017. இந்த நாடகத்தில் 1905ஆம் ஆண்டு நியூயார்க், எஸ்தர் என்ற 35 வயதுக் கறுப்பினப் பெண் உள்ளாடை தைத்துச் சம்பாதித்த காசை ஒரு மெத்தைப் போர்வைக்குள் வைத்துத் தைத்துச் சேமிக்கிறாள். பனாமா கால்வாய் வேலையில் இருக்கும் ஒருவனிடமிருந்து கடிதம் வருகிறது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்காக எழுதுவது ஒரு பணக்கார வெள்ளைக்காரியும் ஒரு விலைமகளும். கடிதத்திலேயே கல்யாணம் நிச்சயமாகிறது. மாப்பிள்ளை வந்து இறங்கியபின் என்ன என்பதைப் படித்துக்கொள்ளுங்கள். வளைகுடாக் கடிதங்களைத் தெரிந்த நம் வீடுகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேடையில் தையல் மிஷினை ஓட்டும் நடிகைக்கு உண்மையாகவே தைக்கத் தெரிய வேண்டும். கால் மிதிப்பும் பேச்சும் ஒத்துப்போகாவிட்டால் முதல் வரிசையில் இருக்கும் உங்களைப்போன்றவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எங்கள் பள்ளியில் நடிக்க முன்வருவது இரண்டே மாணவிகள். அமெரிக்கா தவிர வேறு நாட்டு நாடகம் உண்டா?
— ஆசிரியை, ஆரல்வாய்மொழி

தென்னாப்பிரிக்காவின் சினா ம்லோபே உருவாக்கிய 'ஹேவ் யூ சீன் சாண்டிலே?' இரண்டு நடிகைகளை வைத்தே நடத்தக்கூடியது. 1986இல் ஜோகன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் வந்தது. டர்பனில் பாட்டியிடம் வளரும் சிறுமி, தாயிடம் கொண்டுபோகப்படுகிறாள், பாட்டி தேடுகிறாள். கானாவின் அமா அட்டா ஐடூ எழுதிய 'அனோவா'வும் நல்லது, ஆனால் ஆள் நிறைய வேண்டும்.

பாட்டி வேடம் போடும் பெண்ணுக்கு மூன்றாம் நாளே தொண்டை கட்டிவிட்டது. அரங்கேற்றம் பத்து நாளில், தகரக் கூரை மண்டபத்தில்.
— நாடகக் குழு, முட்டம்

குரலைத் தடிப்பாக்கிப் பேசுகிறார் போலிருக்கிறது. ஹான்ஸ்பெரி நாடகத்தின் தாய் லீனா வேடத்திலும் இளம்பெண்கள் இதையே செய்வார்கள். வயதைத் தொண்டையில் காட்டாமல் வேகத்தில் காட்டச் சொல்லுங்கள்: உட்காருமுன் நாற்காலியைக் கையால் தொட்டுப் பார்ப்பது, பதில் சொல்லுமுன் ஒரு மூச்சு. குரல் அவருடைய சொந்தச் சுருதியிலேயே இருக்கட்டும்.

இரண்டு நாள் பேச்சைக் குறைத்து ஓய்வு. கிசுகிசுப்பதும் கூடாது, அது தொண்டையை இன்னும் வருத்தும். காறிக் கனைக்காமல் தண்ணீர் ஒரு மிடறு குடிக்கட்டும். வெந்நீர் ஆவி காலையும் மாலையும். சுக்குக் காப்பி இதமாக இருக்கும், மருந்து என்று நம்ப வேண்டாம். மூன்றாம் நாள் உதடு படபடக்க ஊதுவது, வாய்மூடி முனகுவது என்று பத்து நிமிடம், பிறகு அரைக்குரலில் வசனம். இரண்டு வாரம் தாண்டியும் கரகரப்பு போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தகரக் கூரை மண்டபம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒத்திகையில் அங்கே கத்தித்தான் தொண்டை போயிருக்கும். ஒரு ஆளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, சொல்லின் கடைசி எழுத்து கேட்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் சத்தத்தைக் கூட்டாமல் வேகத்தைக் குறைத்தாலே கேட்டுவிடும். ஐப்பசியில் அரங்கேற்றம் என்றால் கூரையில் மழை விழும்போது எந்தக் குரலும் எடுபடாது. மேடை முன்விளிம்பில் இரண்டு மைக்குகளைத் தரைக்கு நாலு விரல் மேலே, ஸ்பாஞ்சின் மீது வையுங்கள். பலகை அதிர்வு ஏறாது. காலடி விழும் இடத்திலிருந்து மூன்று அடியாவது தள்ளி இருக்கட்டும்.